படிப்பு நின்றது எந்த நாளில்?

52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது சுலபம். ஒரு நிமிடம் நின்று, எப்படிப் போட்டாய் என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2 போனால் 5. அப்புறம் 5-இல் 2 போனால் 3. ஆக, 35. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ காதில் விழுந்ததை அந்தப் பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தவறிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பக்கத்து இலக்கத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்குவதை நடத்திய அன்று அது பள்ளிக்கு வரவில்லை, அல்லது வந்தும் பிடிபடவில்லை. வகுப்பு காத்திருக்கவில்லை. பெருக்கல் வந்தது, அடுத்த வருடம் வகுத்தல் வந்தது. நீள் வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல் ஒளிந்திருப்பது கணக்கு தெரிந்தவர்களுக்கு நினைவிலேயே இருக்காது. தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு படியும் ஒரு பள்ளம்.

ஐந்தாறு வருடம் கழித்து இந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், ஒன்பதாம் வகுப்பில் நின்றதாகப் பதிவாகும். காரணம் எழுதும் கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்றோ 'படிப்பில் ஆர்வமில்லை' என்றோ இருக்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் படிப்பு நின்ற நாள் அது கிடையாது. அது எப்போதோ நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நின்றது வருகை மட்டும்தான்.

'இடைநிற்றல்' என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். நின்றவர் பிள்ளைதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டே அந்தச் சொல் பேச்சை ஆரம்பிக்கிறது. பேருந்து பாதி வழியில் நின்றுபோனால் வண்டியைப் பார்ப்போம், ஓட்டுநரைக் கேட்போம், சாலையைத் திட்டுவோம். ஏன் நின்றாய் என்று பயணியைக் கேட்பதில்லை.

யுனெஸ்கோவின் கணக்குப்படி, பள்ளி செல்லும் வயதிருந்தும் பள்ளியில் இல்லாத குழந்தைகளும் இளையோரும் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல். பெரிய எண்தான். ஆனால் அதைவிட என்னை யோசிக்கவைப்பது இன்னொரு கணக்கு. எளிய ஒரு பத்தியைப் பத்து வயதில் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலைக்கு 'கற்றல் வறுமை' என்று 2019-இல் உலக வங்கி ஒரு பெயர் வைத்தது. குறைந்த வருமான நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பெருந்தொற்றுக்கு முன்பே 57 சதவீதக் குழந்தைகள் அந்த நிலையில் இருந்தார்கள். 2022-இன் மதிப்பீடு அதை 70 சதவீதம் என்றது. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள். இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வு 2005-இல் தொடங்கியது. 2022, 2024 இரண்டு சுற்றுகளிலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் குறைவானவர்களால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது.

ஒருமுறைகூடச் சேராத குழந்தைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், வெளியே நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி உள்ளே உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து வந்ததுதான். உள்ளே இருந்தபோது அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

வாசல்வரை வருவதற்கே

முதலில் பணம். கட்டணம் ஒரு தடையா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மலாவி 1994-இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது மாணவர் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து 29 லட்சமாகத் தாவியது. உகாண்டா 1997-இல் அதே வழியில் போனது, கென்யா 2003 ஜனவரியில். கென்யாவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு 2004-இல் ஒரு தாத்தாவும் வந்தார். கிமானி மருகே, வயது 84. எல்டோரெட் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சீருடை போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார். சிறுவயதில் வாய்க்காத படிப்பு. கட்டணம் இல்லை என்று அறிவித்ததும் கிளம்பி வந்துவிட்டார். உலகிலேயே அதிக வயதில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர் என்று கின்னஸ் பதிவும் ஆனார்.

கதவைத் திறந்துவிட்டால் கூட்டம் உள்ளே வரும். அத்தனை பேருக்கும் ஆசிரியர் வேண்டாமா? மலாவியில் ஒரே வகுப்பில் நூறு பிள்ளைகள் என்ற நிலை சாதாரணமானது. முன்வரிசைக்குப் பாடம், மற்றவர்களுக்குக் கூட்டம். கட்டணம் ஒழிந்ததால் வந்த பிள்ளைகளில் பலர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்கள். ஒரு தடையை எடுத்தால் அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த தடை முன்னால் வருகிறது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை இது.

இன்னொன்று, கட்டணம் இல்லை என்பதால் படிப்பு இலவசமாகிவிடுவதில்லை. உடை, நோட்டு, போக்குவரத்து என்று சில்லறைச் செலவுகள் உண்டு. அவற்றைவிடப் பெரியது, யாரும் ரசீது தராத ஒரு செலவு: பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில் அது வீட்டுக்குச் செய்திருக்கக்கூடிய வேலை. தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வயலில் ஒரு ஆளாக நிற்பது. பிள்ளைக்கு வயது ஏற ஏற இந்தச் செலவும் ஏறும். எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பிய அதே அப்பா பதினாலு வயதில் யோசிக்கிறார் என்றால் அவர் மனம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை, கணக்கு மாறிவிட்டது. 2024-இல் உலகில் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. 2000-இல் இது 24.6 கோடி. குறைந்திருக்கிறது, சந்தோஷம்தான். மிச்சமிருப்பவர்களில் பாதிக்கு மேல் தொழிற்சாலையில் இல்லை, விவசாயத்தில் இருக்கிறார்கள், பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு. சோதனைக்குப் போகிற அதிகாரியின் கண்ணில் படாத வேலை.

1997-இல் மெக்சிகோ கிராமங்களில் 'ப்ரோக்ரேசா' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தார்கள் என்று நினைக்கிறேன். பிள்ளை 85 சதவீத நாட்கள் பள்ளிக்கு வந்தால் அம்மா கையில் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும்; இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிடக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அந்த வயதில்தான் பெண் பிள்ளைகளை அதிகமாக நிறுத்துகிறார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. கல்வியின் மகிமை பற்றிச் சுவரொட்டி ஒட்டவில்லை. தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. பின்னால் பல நாடுகள் இதைப் பார்த்துத்தான் தங்கள் திட்டங்களை அமைத்தன.

தூரமும் பணத்தைப் போலத்தான், ஆனால் அதில் பயமும் சேர்ந்திருக்கிறது. 2007-இல் ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் டானா பர்ட், லீ லிண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 31 கிராமங்கள். அவற்றில் 13 கிராமங்களுக்கு மட்டும் ஒரு வருடம் முன்னதாக ஊருக்குள்ளேயே சிறு பள்ளி. அந்த ஊர்களில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளிகள் கூடியது. பையன்களுக்கும் பெண்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தே போனது. 'பெண் பிள்ளையைப் படிக்கவைக்க மாட்டார்கள், அது அவர்கள் பண்பாடு' என்று எழுதித் தள்ளப்பட்ட ஊர்கள் அவை. பண்பாடு என்று நினைத்ததில் பெரும்பகுதி நடக்க வேண்டிய தூரமாக இருந்தது. பின்னால் அந்த நாட்டில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. 2021-க்குப் பிறகு தலிபான்கள் இடைநிலைப் பள்ளிகளைப் பெண்களுக்கு மூடிவிட்டார்கள். 2022 மார்ச் 23 அன்று திறப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் வந்து உட்கார்ந்த சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள். எந்தத் தடையும் தானாக வானத்திலிருந்து விழுவதில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது அந்த வயதுப் பெண்களின் இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்திருந்தது. அதிகப் பலன் கிடைத்தது, பள்ளி தூரமாக இருந்த ஊர்களில். பள்ளி பக்கத்திலேயே இருந்த ஊர்களில் மிதிவண்டியால் அவ்வளவு மாற்றமில்லை. ஒரு பெண் தனியாகத் தயங்கித் தயங்கிப் போவதற்கும் பத்துப் பெண்கள் வரிசையாக மிதித்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசமும் இதில் சேர்த்தி.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பெருமளவு தீர்வு தெரிந்த பிரச்சினை. பசித்த பிள்ளையால் பாடத்தைக் கவனிக்க முடியாது; பள்ளியில் சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள். தமிழ்நாட்டில் 1956-இல் காமராஜரும் 1982-இல் எம்ஜிஆரும் செய்ததை, சமைத்த உணவாகவே எல்லா மாநிலங்களும் கொடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. பாதி நூற்றாண்டு இடைவெளி.

மூன்றாவது வரிசையிலிருந்து கரும்பலகை

சரி, பிள்ளை வகுப்புக்குள் வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் பார்க்கிறது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறது. காப்பியடிக்கிறான் என்று திட்டும் விழுகிறது. அதற்கும் தனக்குக் கண் தெரியவில்லை என்று தெரியாது. பிறந்ததிலிருந்து உலகம் அப்படித்தான் மங்கலாக இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும்.

சீனாவின் கன்சு மாகாணத்தில் 2004-இல் நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து, பார்வைக் குறைவு இருந்தவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி தருவதாகச் சொன்னார்கள். ஒரு வருடம் கண்ணாடி போட்ட பிள்ளைகள் போடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முதல் அரை வருடப் படிப்பு வரை கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஒரு கண்ணாடிக்கு அரை வருடப் படிப்பு. எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது, தருகிறோம் என்று சொன்னபோது மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வேண்டாம் என்றதுதான். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை சீனக் கிராமங்களில் பரவலாக உண்டு. தடையை நீக்குவது வேறு, நீக்கிவிட்டதாக எதிரிலிருப்பவர் ஒப்புக்கொள்வது வேறு. திட்டம் தீட்டுகிறவர்கள் முதல் வேலையோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

காது மந்தமான பிள்ளைக்கும் இதே கதைதான். எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் திணறும் பிள்ளைக்கும்தான். வீட்டில் நன்றாகப் பேசும், கதை சொல்லும், கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறும். டிஸ்லெக்சியா என்று ஒன்று இருப்பது தெரியாத வகுப்பில் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் மக்கு, அல்லது சோம்பேறி.

அப்புறம் மொழி. உலக மக்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குத் தாங்கள் பேசும் அல்லது புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று 2016-இல் யுனெஸ்கோ சொன்னது. இது உணர்ச்சிப் பிரச்சினையாகவே பேசப்படுவதால் இதன் இயந்திரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து ஒரு சொல்லை உருவாக்குகிறது. அந்தச் சொல் வீட்டில் கேட்ட சொல்லாக இருந்தால், பாதியிலேயே முகம் மலரும். மீதி எழுத்துகளை அது வாசிப்பதில்லை, ஊகித்துவிடும். கேட்டறியாத சொல்லாக இருந்தால் கடைசி எழுத்துவரை இழுத்துக்கொண்டு போயும் ஒன்றும் கிடைக்காது. அப்படி நான்கு சொற்களைத் தாண்டி வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். நினைவு அவ்வளவுதான் தாங்கும். வாசிப்பது ஒரு வேலை, மொழியைக் கற்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுவில் மேற்குக் கென்யாவில் புத்தகங்கள் மிகக் குறைவாக இருந்த பள்ளிகளுக்குப் பாடப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு. பால் க்ளூவி, மைக்கேல் கிரெமர், சில்வி மூலின் மூவரும் முடிவுகளைப் பார்த்தபோது, ஏற்கனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். மற்றவர்களிடம் மாற்றமே இல்லை. காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்: புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, பலரால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை.

மொழியைத் திணித்தால் பிள்ளைகள் எப்போதும் மௌனமாகப் பின்தங்குவதுமில்லை. கணிதத்தையும் சமூக அறிவியலையும் ஆண்ட வெள்ளையர்களின் மொழியான ஆப்பிரிகான்ஸில் நடத்த வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கட்டளையிட்டபோது, 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோவில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். காவல்துறை சுட்டது. இன்று அந்த நாள் அங்கே அரசு விடுமுறை.

பயமும் ஒரு பாடம்தான்

பள்ளியில் மாணவர்களுக்குள் நடக்கும் சீண்டலும் மிரட்டலும் பற்றி யுனெஸ்கோ 2019-இல் 144 நாடுகளின் தரவுகளைத் திரட்டியபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் அதை அனுபவித்திருந்தார். வயிற்று வலி என்று காலையில் படுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு உண்மையிலேயே வயிறு வலிக்கும். காரணம் வயிற்றில் இல்லை. ஆசிரியரின் பிரம்பும் இதே வகைதான். ஸ்வீடன் 1979-இல் வீடு உட்பட எல்லா இடத்திலும் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்த முதல் நாடானது. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டமும் 2009-லேயே பள்ளியில் தடுத்துவிட்டது. சட்டம் இருக்கிறது. 'நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம்' என்ற வசனமும் கூடவே இருக்கிறது. அடி வாங்கிப் படிப்பை விட்டவர்கள் அந்த வசனத்தைச் சொல்ல மேடைக்கு வருவதில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் இந்தியாவில் பெரிய அளவில் பள்ளிக் கழிப்பறைகள் கட்டப்பட்டபோது அஞ்சலி அதுகியா செய்த ஆய்வில், சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறையாக இருந்தாலும் சேர்க்கை கூடியது. வளர்ந்த பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருந்தால்தான் பெரிய பலன். மாதவிடாயால் பெண்கள் எத்தனை நாட்களை இழக்கிறார்கள் என்று சுற்றிவரும் எண்களில் பல ஆதாரமற்றவை. நேபாளத்தில் நாட்குறிப்பும் பதிவேடும் வைத்துப் பார்த்தபோது இழப்பு வருடத்துக்கு ஒரு நாளைக்கூட எட்டவில்லை. அதற்காகப் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. வந்தும் எழுந்து நிற்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பதிவேடு காட்டாது.

பதினான்கு வாரம்

2005 அக்டோபர் 8 அன்று வடக்குப் பாகிஸ்தானில் பெரிய நிலநடுக்கம். பள்ளிகள் இடிந்தன, பாதிக்கப்பட்ட பகுதியில் பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அப்புறம் நிவாரணம் வந்தது, வீடுகள் எழுந்தன, பள்ளிகளும் திறந்தன. நான்கு வருடம் கழித்து தாஹிர் அந்த்ராபி, பெஞ்சமின் டேனியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகியோர் அங்கே கணக்கெடுத்தார்கள். பொருளாதார ரீதியாகக் குடும்பங்கள் மீண்டிருந்தன. பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள். ஆனால் நிலநடுக்கத்துக்குக் காரணமான பிளவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்த பிள்ளைகள், தள்ளி வாழ்ந்தவர்களைவிடப் படிப்பில் ஒன்றரை வருடம் பின்தங்கியிருந்தார்கள்.

பதினான்கு வாரம் போனதற்கு ஒன்றரை வருடம் எப்படி இழப்பாகும்? பள்ளி திறந்த அன்று ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல், பாடத்திட்டம் அந்தத் தேதிக்கு எங்கே இருக்கச் சொன்னதோ அங்கிருந்து ஆரம்பித்திருந்தால் இப்படித்தான் ஆகும். தொடக்கத்தில் சொன்ன கழித்தல் கணக்கின் பெரிய வடிவம் இது. விடுபட்ட நாட்கள் அன்றோடு போய்விடுவதில்லை, வட்டி போடுகின்றன. இதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தொடக்கப் பள்ளியையாவது முடித்த அம்மாக்களின் பிள்ளைகளிடம் இந்த இழப்பே காணப்படவில்லை. வீட்டில் யாரோ ஒருவர், விட்டுப்போனதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க முடிந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

உகாண்டாவில் பெருந்தொற்றுக் காலத்தில் மூடிய பள்ளிகள் 2020 மார்ச்சிலிருந்து 2022 ஜனவரிவரை முழுமையாகத் திறக்கவில்லை. பதினான்கு வாரத்தின் கணக்கு தெரிந்தபின் இதன் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வேண்டும்.

ஆனால் நிலநடுக்கமோ நோயோ வரத் தேவையில்லை. மாதம் இரண்டு நாள் வராமலிருந்தால் போதும். பள்ளி நாட்களில் பத்தில் ஒன்றை இழப்பதை அமெரிக்காவில் அபாய எல்லையாக வைத்திருக்கிறார்கள். 180 நாளில் 18 நாள். ஒரு தடவை காய்ச்சல், ஒரு திருவிழா, மழை, ஒரு கல்யாணம் என்று யார் கண்ணையும் உறுத்தாமல் சேர்ந்துவிடும் எண்ணிக்கை அது. பிலடெல்பியாவில் 1996-இல் ஆறாம் வகுப்பிலிருந்த சுமார் 13,000 பிள்ளைகளை ராபர்ட் பால்ஃபன்ஸ் குழுவினர் எட்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். வருகை 80 சதவீதத்துக்குக் கீழே, கணக்கில் தோல்வி, ஆங்கிலத்தில் தோல்வி, ஒழுங்கு நடவடிக்கையாக இடைநீக்கம். இந்த நான்கில் ஒன்று ஆறாம் வகுப்பிலேயே இருந்த பிள்ளைகளில் மிகச் சிலரே பள்ளிப் படிப்பை முடித்தார்கள். பதினோரு வயதில் எல்லாம் எழுதியிருந்தது. எழுதியிருந்த இடம், தினமும் ஆசிரியர் கையில் இருக்கும் வருகைப் பதிவேடு.

பெற்றோருக்கு அக்கறை இல்லையா?

ஆசிரியர் அறையில் அதிகம் காதில் விழும் விளக்கம் இதுதான். அக்கறை இல்லாத பெற்றோர் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விளக்கம் மிகவும் வசதியானது; சொன்னவுடன் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டொமினிகன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் எட்டாம் வகுப்புப் பையன்களிடம், பள்ளியை முடித்தால் எவ்வளவு அதிகமாகச் சம்பாதிக்கலாம் என்று கேட்டார். உண்மையில் கிடைப்பதைவிட மிகக் குறைவாகச் சொன்னார்கள். அவர்கள் ஊரில் கண்ணால் பார்த்தவர்களெல்லாம் பாதியில் விட்டவர்கள், வேறெப்படிச் சொல்வார்கள்? ஒரு பகுதியினருக்கு உண்மையான வருமான விவரத்தைச் சொன்னார்கள். அடுத்த நான்கு வருடத்தில் அவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் படித்தார்கள், மிக ஏழைக் குடும்பப் பையன்களைத் தவிர. அந்த ஏழைப் பையன்களும் விவரத்தைக் கேட்டு நம்பினார்கள். நம்பியும் படிப்பைத் தொடரக் கையில் காசில்லை. ஆர்வத்தையும் வறுமையையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய இன்னொரு ஆய்வு எனக்கு நினைவில்லை.

திரும்பி வரும் வழி

கழித்தல் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை இன்னும் உரக்க நடத்துவதால் பயனில்லை. இந்தியாவின் 'பிரதம்' அமைப்பு கண்ட வழி கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வகுப்பு எது, வயது எது என்பதை மறந்துவிட வேண்டும். எழுத்து தெரிந்தவர்கள் ஒரு குழு, சொல் வாசிப்பவர்கள் ஒரு குழு, பத்தி வாசிப்பவர்கள் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் அது நிற்கும் இடத்திலிருந்து பாடம். உத்தரப் பிரதேசத்தில் 2013-14-இல் இப்படி நடத்திய முகாம்களில் பத்தியாவது வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் விகிதம், முகாம் நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடந்தது மொத்தம் ஐம்பது நாள்தான். இத்தனைக்கும் பள்ளிகளும் அதே மாதிரிப் பள்ளிகள், பிள்ளைகளும் அதே மாதிரிப் பிள்ளைகள்.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை? ஆசிரியரைக் கேளுங்கள். பாடத்திட்டத்தை முடித்தாயா என்று கேட்க மேலே ஆள் இருக்கிறார். பிள்ளைக்குக் கழித்தல் வந்ததா என்று கேட்க யாரும் இல்லை. ஆசிரியர்மேல் பாதிப் பழியைப் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போடலாம்.

வெளியே போனவர்கள் திரும்புவதும் இப்படித்தான், எழுதப்பட்ட விதியைவிட எழுதப்படாத விதியில் சிக்கிக்கொள்கிறது. தான்சானியாவில் கர்ப்பமான மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கிவந்தார்கள், குழந்தை பிறந்த பிறகும் சேர்க்கவில்லை. 2021 நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். சியரா லியோன் அதற்கு முந்தைய வருடம் எடுத்தது. உத்தரவு ஒரு தாளில் முடிந்துவிடும். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது, தன்னைவிட மூன்று வயது சின்னவர்களோடு எப்படி உட்காருவது, முதல் நாள் யார் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது.

மூன்று வாரம் விட்டுத் திரும்பும் பிள்ளைக்கும் கொஞ்சம் அப்படித்தான். வாசலில் நிற்கும். 'வா மகாராசா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று ஒரு குரல் வரும், வகுப்பு சிரிக்கும். ஆசிரியருக்கு அது வேடிக்கைப் பேச்சு, அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். பிள்ளை போய் கடைசி வரிசையில் உட்காரும். பலகையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டைத் திறந்தால் மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கம், பாதி போட்ட கணக்கு. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பக்கத்தில் கேட்டால் பேசாதே என்பார்கள். பார்த்துப் பார்த்து எழுதும். மணி அடிக்கும். நாளைக்கு வரலாமா என்று அது யோசிக்க ஆரம்பிப்பது அப்போதுதான்.